டிக்கியில் ஒரு கச்சேரி

காரின் பின்பக்கம் இருக்கும் டிக்கி, சாமான் வைப்பதற்காக ஏற்பட்டது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் காலேஜில் படிக்கும் பிள்ளை ஒருவன் இருந்துவிட்டால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஊறுகாய் ஜாடி வைக்கக்கூட அங்கே இடம் இராது. ஒரு பெரிய ஸ்பீக்கரும், அதற்கு உயிர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரும் குடியேறியிருக்கும்.

பாடட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. (தெரு முழுவதும் கேட்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.) ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குக் கிளம்பும் நேரத்தில் சாவியைத் திருப்பினால், 'டிக், டிக்' என்று முனகிவிட்டுக் கார் மௌன விரதம் பூணுகிறதே, அதுதான் சங்கடம்! "பாட்டரி போச்சு அம்மா, புதுசு போடணும்" என்கிறார் மெக்கானிக். போடுகிறோம். பத்தே நாளில் பழையபடி 'டிக், டிக்'.

பாவம், பாட்டரி என்ன செய்யும்? சின்னக் கார்களில் இருப்பது ஏறக்குறைய 35 ஆம்பியர்-மணி பாட்டரி. 1 ஆம்பியர் வீதம் இழுத்துக்கொண்டே இருந்தால் 35 மணி நேரத்தில் அடிவண்டல் வரை காலி. காரைப் பூட்டிய பிறகும் கடிகாரம், திருட்டு அலாரம் முதலியவை கொஞ்சம் மின்சாரம் குடிக்கத்தான் செய்யும். எல்லாம் சேர்ந்து ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் பாதகமில்லை.

ஆம்ப்ளிஃபயரின் சமாசாரம் வேறு. அதற்குப் பாட்டரியிலிருந்து நேராகவே ஒரு தடித்த ஒயர் வருகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் அந்த ஒயரில் மின்சாரம் நிற்பதில்லை. 'விழித்துக்கொள்', 'தூங்கு' என்று அதற்கு உத்தரவு போடுவது ரேடியோவிலிருந்து வரும் 'ரிமோட்' என்ற மெல்லிய ஒயர். ரேடியோ அணைந்தால் இதுவும் அணைய வேண்டும். அவசரக்காரர் யாராவது இதை எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரோடு முடிந்துவிட்டால், ஆம்ப்ளிஃபயர் ஒரு ஸ்வரம்கூடப் பாடாமல் இரவு முழுவதும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். அப்படிச் சும்மா இருப்பதற்கே 1 ஆம்பியர், சிலவற்றுக்கு அதற்கு மேலும் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நிறுத்திய கார் ஞாயிறு காலையில் எப்படிக் கிளம்பும்?

இதைக் கண்டுபிடிக்க இஞ்சினீயர் வேண்டியதில்லை. வெயில் இல்லாத இரவு வேளையில், காரைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து, டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ, அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ திருடன் அகப்பட்டான்!

எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பது இன்னொரு வம்பு. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் கொடுத்து ஈடுகட்டுகிறது. அணைந்தால் முழுப் பாரமும் 12 வோல்ட் பாட்டரியின் தலையில். 300 வாட் உரக்கப் பாடும் நேரத்தில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இப்படி அடிக்கடி வறண்டுபோகும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, அதன் ஆயுள் பாதியிலேயே முடிந்துவிடும்.

இந்தத் தொல்லை புதிதும் அல்ல. 1930ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' என்று கார் ரேடியோ விற்ற நாளிலிருந்தே வால்வு ரேடியோக்கள் பாட்டரியை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தன. 1955ல் கிரைஸ்லர் காரில் முழு டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததும் அந்தப் பசி அடங்கிற்று. நம் பிள்ளைகள் மறுபடியும் கிளப்பிவிட்டார்கள்!

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. தடித்த ஒயரில், பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒயரின் உறை தகரத்தில் உராய்ந்து கிழிந்த அன்று காரே பற்றிக்கொள்ளும்.

அடுத்த முறை மெக்கானிக் "பாட்டரி போச்சு" என்றால், பர்ஸைத் திறப்பதற்கு முன், "நெகட்டிவ் ஒயரில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். காரைப் பூட்டி அரைமணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் முள் சட்டென்று இறங்கினால், மாற்ற வேண்டியது பாட்டரியை அல்ல, அந்த மெல்லிய ஒயரின் முடிச்சைத்தான். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் பிள்ளையை எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க விடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸும் போய்விடும்.