மாத்திரையோடு ஒரு கிண்ணம் கூழும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் நாளை உலக எய்ட்ஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். சிவப்பு ரிப்பன் அணிகிறோம், ஊர்வலம் போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். ஆனால், அன்று நம் நினைவுக்கு அதிகம் வராதவர்கள் குழந்தைகள். பிறப்பிலேயே இந்தக் கிருமியைப் பெற்று, அது இன்னதென்று அறியாமலேயே மருந்துக்கும் ஊசிக்கும் பழகிப்போகும் பிள்ளைகளைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

வந்தவாசிப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கோரைப்பாய் நெய்யும் பாட்டி. அவர் பராமரிப்பில் ஐந்து வயதுப் பேத்தி. தகப்பன் இறந்துவிட்டார், தாய் நோயாளி. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, வாயில் வெண்புண், வயதுக்கேற்ற எடை இல்லை. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. பாட்டி இரண்டு கேள்விகள் கேட்பார். "பிள்ளை பொழைக்குமா? என்ன சாப்பாடு குடுக்கணும்?"

முதல் கேள்விக்கு இன்று நம்பிக்கையான பதில் உண்டு. 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமி கண்டறியப்பட்டது சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டுதலில் அந்த ஆய்வு நடந்தது. அன்று கொடுக்க மருந்தில்லை. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையை மத்திய அரசு தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனையும் முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. 2006 இறுதியில் குழந்தைகளுக்கான மருந்துகளும் வந்தன. கிருமியை முற்றிலும் அகற்ற இன்றும் வழியில்லை. ஆனாலும் நாள் தவறாமல் மருந்து உண்ணும் பிள்ளை பள்ளிக்குப் போகலாம், வளரலாம், நீண்ட காலம் வாழலாம்.

இரண்டாவது கேள்வியைத்தான் நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. இக்கிருமியோடு போராடும் உடல் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. வாய்ப்புண்ணால் சாப்பிட முடிவதில்லை. வயிற்றுப்போக்கால் உண்டதும் உடலில் ஒட்டுவதில்லை. உணவு குறைந்தால் எதிர்ப்புச் சக்தி மேலும் குறைகிறது. காசநோய் போன்றவை எளிதில் நுழைகின்றன. நோய் உடலை மெலிவிக்க, மெலிந்த உடல் நோயை வளர்க்கிறது.

எனவேதான் உலக நலவாழ்வு நிறுவனம் 2009-ல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. நோய்க்குறி எதுவும் இல்லாத எச்.ஐ.வி. குழந்தைக்கும் வழக்கத்தைவிட 10 விழுக்காடு கூடுதல் உணவுச் சக்தி தேவை. காசநோய் இருந்தாலோ எடை குறைந்தாலோ 20 முதல் 30 விழுக்காடு வரை தேவை. மிகவும் மெலிந்த பிள்ளைக்கு, மருத்துவர் கண்காணிப்பில், 50 முதல் 100 விழுக்காடு வரை தேவைப்படும்.

இதற்கு விலையுயர்ந்த சத்துப்பவுடர் டப்பாக்கள் தேவையில்லை. வேர்க்கடலை விளையும் மாவட்டம் நம்முடையது. கேழ்வரகுக் கூழ், பருப்புச் சோறு, முட்டை, முருங்கைக்கீரை, வறுத்த கடலை, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் ஆகியவையே போதும். அங்கன்வாடியின் சத்துமாவும், பள்ளிச் சத்துணவின் முட்டையும் கைகொடுக்கும். ஒரே வேளையில் திணிக்காமல், சிறிது சிறிதாக ஐந்தாறு முறை கொடுக்கலாம். வாய்ப்புண் இருந்தால் காரம் தவிர்த்து, ஆறிய கஞ்சி கொடுக்கலாம். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். நோய் என்றாலே பத்தியம் என்று முட்டையையும் கடலையையும் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இந்தப் பிள்ளைக்கு அது தீங்காக முடியும்.

மாதந்தோறும் எடை பார்ப்பதும் முக்கியம். குழந்தைக்கு மருந்தின் அளவு எடையைக் கொண்டே முடிவாகிறது. எடை கூடினால் அளவும் மாற வேண்டும். கூடாமல் நின்றால், ஏதோ சரியில்லை என்று பொருள். கால்சியம், இரும்புச்சத்து டானிக்குகள் சில எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அன்பர்களே, இந்தப் பிள்ளைகளின் உணவைப் பறிப்பது வறுமை மட்டுமல்ல, நம் அச்சமும்தான். தனித்தட்டு, தனி டம்ளர், பந்தியில் ஓரமாக ஓர் இடம். ஒரே தட்டில் உண்பதாலோ, தொடுவதாலோ, முத்தமிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பசியும் அடங்கிப்போகிறது. மருந்து வாங்கப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து சிகிச்சையை நிறுத்தும் குடும்பங்களும் உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், கல்வியிலும் மருத்துவத்திலும் இவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதையும், ஒப்புதலின்றி நோய்நிலையை வெளியிடுவதையும் தடை செய்கிறது. சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கலாம். பந்தியில் இடம் தர வேண்டியவர்கள் நாம்தான்.

நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஏழை வீடுகளுக்கு உதவும்போது, யாருக்கு என்ன நோய் என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. மெலிந்த பிள்ளை இருக்கும் வீடு என்பது போதும். மாதம் சிறிது கேழ்வரகு, கடலை, முட்டை. மருத்துவமனைக்குப் போய்வர பேருந்துக் கட்டணம். பாட்டி பாய் நெய்யும் நேரத்தில் பிள்ளைக்குத் துணை. இவை பெரிய காரியங்கள் அல்ல.

யாயிரின் மகளுக்கு உயிர் தந்த இயேசு, அத்துடன் நின்றுவிடவில்லை; அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார் என்று மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். மாத்திரையை அரசு தருகிறது. உண்ணக் கொடுக்கும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது. நம் தெருவில் அந்தப் பாட்டியின் வீடு எது?