சைக்கிள் விலை குறைஞ்சிருக்கு... மிச்சமாகும் 3,500 ரூபாயை எங்கே போடலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூர் பக்கம் போய் நின்று பாருங்கள். ஹெல்மெட், கலர் கலரான ஜெர்ஸி, பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு எனக் கூட்டம் கூட்டமாக ஈ.சி.ஆரில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஐ.டி ஊழியர், டாக்டர், காலேஜ் பையன், ரிட்டயர்டு மாமா எல்லாரும் உண்டு. மாமல்லபுரம் போய்த் திரும்பினால் சுமார் 90 கிலோமீட்டர். நடுவில் டீக்கடையில் நிற்கும்போது பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ப்ரோ, கார்பன் ஃபிரேமுக்கு மாறிடலாமா?"

இந்தக் கேள்விக்குச் சமீபத்தில் ஒரு புதுக் காரணமும் கிடைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 50,000 ரூபாய் விலையுள்ள சைக்கிள், முன்பு 56,000, இப்போது 52,500. மிச்சம் 3,500 ரூபாய். கம்பெனி அதை முழுசாக நம் கையில் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 'இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த மாடலே வந்துடுமே' என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்குதான் தப்பு என்கிறேன்.

ஏன்? உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு கிலோ குறைக்கிறீர்கள். சமதரையில் அதனால் கிடைக்கும் லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். மலையில்? 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் நீங்கள் 100 நிமிடம் ஏறுகிறீர்கள் என்றால், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் நிமிடம் மிச்சமாகும். ரேஸ் ஓடுகிறவருக்கு அது வெற்றி, தோல்வி. நமக்கு? சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றைத் தடுத்து நிற்பது சைக்கிள் இல்லை, நம் உடம்பு. முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்து ஓட்டினால் கிடைக்கும் லாபத்துக்குப் பத்து பைசா செலவில்லை.

டயர் விஷயத்திலும் பழைய நம்பிக்கை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒல்லி டயர், கல்லு மாதிரி காற்று, அப்போதான் வேகம் என்று. டூர் டி பிரான்ஸ் வீரர்களே 23 மில்லிமீட்டரை விட்டு 28, 30-க்கு வந்துவிட்டார்கள். நம் சாலையின் ஒட்டுப்போட்ட தாரில் 110 பி.எஸ்.ஐ அடித்தால் சைக்கிள் உருளாது, குதிக்கும். 28 டயர், 70 கிலோ ஆள் என்றால் 70-80 போதும். மணிக்கட்டும் முதுகும் நன்றி சொல்லும்.

சரி, நீண்ட ரைடில் நம்மைக் கவிழ்ப்பது எது? நான் பார்த்தவரை பத்தில் எட்டு பேருக்கு வயிறு. எனக்கும் அதுதான் நடந்தது. முதல் 200 கிலோமீட்டர் முயற்சியில் மரக்காணம் தாண்டியதும் கண் இருட்டியது. காலில் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. ஆனால் பெடல் நகரவில்லை. காலையிலிருந்து ஒரு டீ, இரண்டு பிஸ்கட், நாலு பாட்டில் வெறும் தண்ணீர். ரெண்டு பக்கமும் உப்பளம், என் உடம்பில் மட்டும் உப்பு இல்லை!

வயிற்றுக் கணக்கு

நம் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 400-500 கிராம். விரட்டி ஓட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பிறகு வருவதுதான் சைக்கிள்காரர்கள் 'பாங்க்' என்று சொல்லும் நிலை. கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஆகவே, ஒரு மணி நேர ரைடுக்கு எதுவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு இல்லை, முதல் அரை மணியிலிருந்தே.

இன்ஸ்டாகிராமில் '120 கிராம்' என்று ஒரு எண் ஓடுகிறது. அது புரொஃபஷனல் வீரர்களின் எண். அவர்கள் எரிக்கும் சக்தியும் வேறு, அவ்வளவு சர்க்கரையை ஏற்கப் பழக்கிய குடலும் வேறு. நாம் திடீரென்று முயற்சி செய்தால் கோவளத்திலேயே கழிப்பறை தேட வேண்டியதுதான்.

குடல் குளுக்கோஸை மணிக்கு சுமார் 60 கிராம் வரைதான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாகப் போவதால், இரண்டையும் கலந்தால் 90 வரை தாங்கும். விலை உயர்ந்த ஜெல்களின் சூட்சுமம் இதுதான். நம் சமையலறைச் சர்க்கரையிலும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்! ஒரு லிட்டர் தண்ணீர், 12 டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை. சுமார் 50 கிராம் மாவுச்சத்து, செலவு மூன்று ரூபாயைத் தொட்டால் அதிகம். (சர்க்கரை நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.) கூட வாழைப்பழம். நடுத்தரப் பழம் ஒன்றில் 25 கிராம், குட்டி ஏலக்கி என்றால் கிட்டத்தட்ட பாதி. கிளம்பும் முன் இட்லி அருமை. பாதி வழியில் நெய்ப்பொங்கலும் வடையும் மட்டும் வேண்டவே வேண்டாம். நெய்யும் எண்ணெயும் வயிற்றிலேயே தங்கும். எதிர்க்காற்றில் திரும்பும்போது நெஞ்சுக்கு ஏறி வரும். ரைடு முடிந்து சாப்பிடுங்கள், யார் தடுக்கிறார்கள்?

உப்பு விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாந்திருக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் 'ஓ.ஆர்.எஸ்' என்று போட்ட அட்டை டப்பாவை வாங்கிக் குடித்துவிட்டு 'எலக்ட்ரோலைட் போட்டாச்சு' என்று கிளம்புவோம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' என்ற சொல் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்தக் கலவையில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம். டப்பா பானங்களில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அது ஆபத்து.

ஆனால், சைக்கிள்காரருக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நிஜ ஓ.ஆர்.எஸ் நமக்கு உப்பைக் கொடுக்கும், 13.5 கிராம் சர்க்கரையை நம்பி 100 கிலோமீட்டர் ஓட்ட முடியாது. டப்பா பானம் சர்க்கரையைக் கொடுக்கும், உப்பு போதாது. எரிபொருள் வேறு, உப்பு வேறு. லேபிளைத் திருப்பி சோடியம் எவ்வளவு என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இளநீரும் அப்படித்தான். பொட்டாசியம் தாராளம், வியர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. இளநீர்க்காரரிடம் ஒரு சிட்டிகை உப்பு கேட்டால் சிரிப்பார், பரவாயில்லை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது இன்னும் மோசம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

மெதுவா போங்க பாஸ்

பயிற்சியில் நம் ஊர் குரூப் ரைடுகளின் வியாதி ஒன்று உண்டு. எல்லா நாளும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் துரத்துவார்கள். முழு வேகமும் இல்லை, நிதானமும் இல்லை. களைப்பு மட்டும் மிச்சம். உயர்நிலை வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் கண்டது, அவர்களின் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவிகிதம் மிதமானது என்பதைத்தான். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் அந்த வேகம். பவர் மீட்டர் தேவையில்லை.

200 கிலோமீட்டர் ப்ரெவே ரைடுக்கு அனுமதிக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டாம். 20-ல் ஓட்டினால் பத்து மணி நேரத்தில் முடியும். சாப்பிட, பஞ்சர் போட, நிழலில் உட்கார மூன்றரை மணி நேரம் கையில். வார நாளில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், அதில் ஒருநாள் மட்டும் விரட்டல். வாரக் கடைசியில் ஒரு நீண்ட ரைடு, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால் ஏப்ரல், மே மாதத்தில் திடீர் வீரம் காட்ட வேண்டாம்.

இப்போது அந்த 3,500 ரூபாய். முதலில் பேடு வைத்த ஷார்ட்ஸ், ஏறக்குறைய 1,500. முன்னும் பின்னும் நல்ல விளக்கு, 1,200. மீதியில் இரண்டு டியூப், டயர் லீவர், சின்ன பம்ப். சீட்டு உயரத்தைச் சரிசெய்யக் காசே வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டி வலிக்கிறது என்று ரைடையே விட்ட நண்பர் ஒருவர், சீட்டை இரண்டு விரல் அளவு ஏற்றியதும் திரும்பி வந்தார்.

விளக்கை விடிந்த பிறகும் அணைக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரியே சார்ஜில் போட்டுவிடுங்கள். நாலரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஞாபகம் வராது.