பிள்ளைகளின் கையில் சாதிக் கயிறு

பையனின் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து அவன் சாதியை அறியும் கேவலம் தென் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் பல வருடங்களாக நடக்கிறது. சாதிக்கு ஒரு நிறம்; நிறத்துக்கு ஒரு கோஷ்டி. 2019-இல் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. பலன் என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து, தாழ்த்தப்பட்ட குடும்பத்து மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குள் பொதுவானது எதுவுமே இல்லையா? ஏராளமாக உண்டு. ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரே கணக்குப் பாடத்துக்குப் பயப்படுகிறார்கள். ஒரே சத்துணவைச் சாப்பிடுகிறார்கள். கபடி ஆடும்போது, பிடித்த கையை விடாதவனே தோழன். அவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலோரின் தகப்பனும் தாயும் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவர்கள். நாளை இவர்களும் ஒரே ஆலையில் அடுத்தடுத்த இயந்திரத்தில் நிற்பார்கள்.

அப்படியானால் பிரித்தது யார்? இதே நெல்லைச் சீமையில், சேரன்மாதேவி குருகுலத்தில், 1920களில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். தமிழ்நாடே கொதித்தது. தனிப் பந்தி கேட்டது பிள்ளைகளா? இல்லை, பெரியவர்கள். அன்று பந்தி, இன்று கயிறு. கயிறு பள்ளிக்கூடத்தில் முளைக்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் திருவிழாவிலும் கட்டப்பட்டு வருகிறது. கட்டிவிடும் சாதித் தலைவனின் மகன் அரிவாள் தூக்குவதில்லை. சிறைக்குப் போவது ஏழையின் மகன். வெட்டுப்படுவதும் ஏழையின் மகன்!

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்யவேண்டும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்கவேண்டும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றது. கடைசி யோசனை அற்பமானதல்ல. யார் பக்கத்தில் யார் என்பதைத் தெரு தீர்மானிக்காது, எழுத்து தீர்மானிக்கும். பக்கத்தில் இருப்பவனிடம் பென்சில் கேட்கத்தான் வேண்டும். சிநேகம் அங்கே துவங்கும்.

ஆனால் அறிக்கை தானாக நடக்காது. 2009-ஆம் வருட கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். அந்த இடத்தை ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விட்டுவிடக் கூடாது. ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அங்கே சென்று உட்காரவேண்டும். அகர வரிசை அமலாகிறதா என்று கேட்கவேண்டும். சத்துணவுப் பந்தியில் பிரிவினை இருந்தால் தட்டிக் கேட்கவேண்டும். அதற்கு முன், தன் வீட்டுப் பையனின் கையிலிருக்கும் கயிற்றைத் தன் கையாலேயே அறுத்தெறிய வேண்டும்.

கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும்போது நாம் பக்கத்தில் நிற்பவனின் சாதியைக் கேட்பதில்லை. கேட்டால் போராட்டம் தோற்கும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். சங்கத்தில் கற்ற இந்தப் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுபோவதே இன்றைய அவசர வேலை.