கவுன்சலர் வேலைக்கு யாரை எடுப்பது?

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மூன்று வகையினரையும் சேர்த்துச் சொன்னதில் நடைமுறை அறிவு தெரிகிறது. ஒரு வகையினரை மட்டும் கேட்டிருந்தால் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். ஆனால், இந்த வரியை ஒரு பள்ளித் தாளாளர் எப்படி வாசிப்பார்? யாரை வேண்டுமானாலும் போடலாம் என்றுதான். ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்கிய ஆசிரியையின் அறைக்கு 'கவுன்சலர்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்ட ஆள் தயார். மனநலத் துறையில் பல படிப்புகள், பல வேலைகள் இருப்பது அதன் பலம். யார் எதைச் செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்தவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி அரசு வரையறுக்காததும், மருத்துவர் அல்லாதவர்களுக்குப் போதிய நிரந்தரப் பணியிடங்களை உருவாக்காததும்தான் அந்தப் பலத்தை வீணடிக்கின்றன.

பொதுமக்கள் பார்வையில் இவர்கள் எல்லோருமே 'மனநல டாக்டர்'தான். உண்மையில் மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத் துறையில் எம்.டி. படித்தவர். சோர்ந்து கிடப்பவருக்குத் தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பதும், லித்தியம் மருந்து சாப்பிடுபவரின் ரத்தத்தில் அதன் அளவு எல்லை மீறுகிறதா என்று கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுகலைக்குப் பிறகு மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றவர். ஓயாமல் கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடி நோயாளியை எடுத்துக்கொள்வோம். உளவியலாளர் அவரைக் கதவின் கைப்பிடியைத் தொடச் சொல்வார். தொட்ட பிறகு கை கழுவாமல் உட்காரச் சொல்வார். பதற்றம் ஏறும். பத்துக்கு இப்போது எவ்வளவு என்று நடுநடுவே கேட்டுக் குறித்துக்கொள்வார். எட்டு, ஒன்பது என்று போனது, கழுவாமலே இருந்தும், மெல்ல மெல்ல ஐந்துக்கும் நான்குக்கும் இறங்கும். தொடப் பயப்படும் பொருள்களை வரிசைப்படுத்தி, எளிதானதில் தொடங்கிக் கடினமானதற்கு வாரக்கணக்கில் நகர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் பேச்சு. அவசரப்பட்டுச் செய்தால் நோயாளி அடுத்த வாரம் வரவே மாட்டார். மனநல சமூகப் பணியாளரின் வேலை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே நடக்கிறது. 'பிள்ளைக்குத்தான் சரியாயிடுச்சே' என்று மாத்திரையை நிறுத்திவிட்ட தாயிடம் வீட்டுக்கே போய்ப் பேசுவார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அலைவார். பழைய முதலாளியிடம் மறுபடி வேலை கேட்பார். மனநலச் செவிலியர், போதை மீட்பு ஆலோசகர், குடும்ப ஆலோசகர் என்று வரிசை இன்னும் நீளும். சித்தத்தில் 'சிறப்பு மருத்துவம்' முதுநிலை படித்தவரையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் என்று ஏற்கிறது. பள்ளிக்கூடங்கள் தேடப்போகும் கவுன்சலருக்கு அந்த வரையறையில் இடமில்லை.

முதலில் மனநல மருத்துவர்களைப் பெருக்குங்கள், மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் உண்டு. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோய்க்கு நோய் மாறினாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை. லட்சம் பேருக்கான மனநல மருத்துவர் எண்ணிக்கை மத்தியப் பிரதேசத்தில் 0.05, முன்னணியில் இருந்த கேரளத்திலேயே 1.2. லட்சத்துக்குப் பத்து மருத்துவர்கள் என்று உயர்த்தினாலும் (அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ) ஒருவருக்கு ஆயிரம் நோயாளிகள் மிஞ்சுவார்கள். நான்கு மணி நேரப் புறநோயாளிப் பிரிவில் எண்பது பேர் வந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் மருந்துச்சீட்டு எழுதலாம், மேலே சொன்ன கதவுக் கைப்பிடிச் சிகிச்சை நடக்காது. மருத்துவர்கள் பெருகத்தான் வேண்டும். அவர்கள் பெருகினாலும் இந்த வேலைகள் அவர்கள் கைக்குப் போகப்போவதில்லை.

மற்றவர்கள் செய்தால் பலன் இருக்குமா என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சங்கத்' அமைப்பினர் நடத்திய ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழின் 2017 தொகுதியில் வெளிவந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுடன் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். பேச்சின் சாரம் எளிமையானது: கைவிட்டுவிட்ட சின்னச் சின்ன வேலைகளையும் சந்திப்புகளையும் ஒவ்வொன்றாக நாளுக்குள் திரும்பக் கொண்டுவருவது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். பெறாதவர்களில் 39 சதவீதத்தினர். அமர்வுகளைப் பதிவுசெய்து ஒருவருடையதை மற்றவர் கேட்டு மதிப்பெண் போடும் ஏற்பாடு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களை வாசிக்க வேண்டும். இதே 'லான்செட்' இதழில் 2014இல் வந்த இன்னோர் ஆய்வில், காஞ்சிபுரம் உட்பட மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் சென்றார்கள். பலன் இருந்தது, ஆனால் மிதமாகவே இருந்தது. மருத்துவரும் மருந்தும் இல்லாமல் அங்கே எதுவும் நடந்திருக்காது. இரண்டையும் அருகருகே வைத்தால், எந்த நோய்க்கு எவ்வளவு பயிற்சி பெற்றவர் போதும் என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு ஆறு வாரப் பயிற்சி பெற்றவரா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மருத்துவர் அல்லாதவர்களை அமர்த்துவது மருத்துவரை மறுப்பதற்கான சாக்காக மாறினால் அந்தக் கோபம் நியாயம். ஆனால், அப்படி மாற வேண்டியதில்லை. மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்துப் பரிசோதனையையும் அறுவைக்கான முன்னேற்பாடுகளையும் ஒப்படைத்தது. மருத்துவர் அறுவை சிகிச்சையில் கவனம் வைத்தார். கட்டணம் செலுத்துபவருக்கும் இலவசமாக வருபவருக்கும் அதே கைகள்தான். அதை யாரும் இரண்டாந்தரம் என்று சொல்வதில்லை. கண்ணைப் போல மனத்தை அளந்து பார்க்க முடியாதே என்று கேட்கலாம். சரிதான், அதனால்தான் மேற்பார்வை இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர்கள் லேசான பாதிப்புகளைக் கவனிக்கிறார்கள், முறையான மேற்பார்வையில் இருக்கிறார்கள், தங்களால் முடியாதவரை அடுத்த படிக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் 'ஸ்நேகா'வில் தொலைபேசியை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். சிகிச்சை தருவதாக அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை; தற்கொலை எண்ணத்தில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். தன் எல்லையை அறிந்த சேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டுப்பாடு என்றதும் லைசென்ஸ் ராஜ்யம் வந்துவிடும், இருக்கிற கொஞ்சப் பேரும் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எழுகிறது. பேசுவதற்கே உரிமம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிரிட்டனிலேயே 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று மட்டும் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2017 சட்டத்தின் 55ஆவது பிரிவு, மருத்துவ உளவியலாளர்கள், மனநலச் செவிலியர்கள், மனநல சமூகப் பணியாளர்கள் ஆகியோரைப் பதிவுசெய்து பட்டியலை வெளியிடும் கடமையை மாநில மனநல ஆணையத்துக்கே கொடுத்திருக்கிறது. ஆலோசகர்களையும் பிற உளவியலாளர்களையும் 2021இல் வந்த சுகாதாரம் சார் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரத் தாமதமாகி, உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது வேறு கதை. இப்படிப் பதிவுபெற்றவர்களின் பட்டியல் மாவட்டவாரியாகத் தமிழில், கைபேசியில் தேடும்படி இருந்தால், மகளை அழைத்துக்கொண்டு போகும் ஒரு தகப்பனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ள முடியும்.

பணியிடங்களின் விஷயத்தில் இன்னும் அவசரம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். ஏழாண்டு படித்தவர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எவ்வளவு காலம் காத்திருப்பார்? இதற்கிடையே, எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தியபோது மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் 2025–26 வரை மட்டும் விலக்கு கொடுத்தது. அதற்குப் பதிலாக வரும் படிப்புகளில் மருத்துவமனைப் பயிற்சியின் அளவு குறையாமலும் இடங்கள் கூடியும் இருக்க அரசு மருத்துவக் கல்லூரிகள் பொறுப்பேற்க வேண்டும். பள்ளிக் கவுன்சலர் நியமனத்துக்கான அரசாணையில் குறைந்தபட்சக் கல்வித் தகுதி, மேற்பார்வையிடும் உளவியலாளரின் பெயர், எந்தெந்த அறிகுறி கண்டால் எத்தனை நாளுக்குள் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற மூன்றும் இடம்பெறட்டும். அதே ஆள் ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் எடுக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் எடுக்கச் சொல்வார்கள்.