விசிறியின் ஓசையும் செயலியின் வெப்பமும்

வீட்டுக் கணினியில் விசிறியின் இரைச்சலைக் கேட்டு எரிச்சல் கொள்வோர் உண்டு; செயலியின் வெப்பத்தைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. முன்னவர் விசிறியை அடக்கிவிடுகின்றனர். பின்னவர் அதை ஓயாது முழு வேகத்தில் ஓட விடுகின்றனர். இரண்டுமே மிகை என்பது என் கருத்து.

வெப்பத்தைக் கண்டு இவ்வளவு அச்சம் ஏன்? 2022இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ் செயலியின் வெப்ப வரம்பு 95 பாகை செல்சியஸ். அவ்வரம்பைத் தொட்டால் செயலி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஒற்றை அறை வீட்டில், இரவில் நம் கணினியின் அருகே உறங்குபவர் உழைத்துக் களைத்த தந்தையாக இருக்கலாம். மறுநாள் தேர்வெழுதும் தங்கையாக இருக்கலாம். செயலிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும்; அவர்கள் செவிக்கு அவ்வசதி இல்லையே!

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும். காற்றோட்டமும் ஏறக்குறையப் பாதியாகும். ஆயினும் குளிர்நாட்டார் கூறும் அளவுகளை அப்படியே ஏற்றல் ஆகாது. 20 பாகை அறையில் 65 பாகை காட்டும் செயலி, நம் கோடையின் 35 பாகை அறையில், அதே வேலைக்கு ஏறத்தாழ 80 பாகை காட்டும்.

ஆகவே முதலில் வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்போம். 105 வாட் தரமுள்ள அச்செயலியை 65 வாட் நிலையில் இயக்க வழியுண்டு. அன்றாடப் பணிகளில் வேறுபாடு தெரிவதே அரிது. அடுத்துத் தூசியை அகற்றுவோம். விசிறியின் வேகத்தைக் குறைப்பது அதன் பின்னரே. அண்டையில் உறங்குவோரின் அமைதியும் நம் கணினிக் கல்வியின் ஒரு பாடமே அல்லவா?