பேக்-அப் எடுத்து வெச்சீங்களா பாஸ்?

போன செமஸ்டர்ல நடந்த கூத்து இது. மினி புராஜெக்ட் சப்மிட் பண்ண ரெண்டே நாள் இருக்கும்போது என் லேப்டாப் மண்டையைப் போட்டுடுச்சு. பென் டிரைவைத் துழாவினா, மூணு வாரத்துக்கு முந்தைய அரைகுறை காப்பி ஒண்ணு கிடைச்சது. அதை வெச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி கண்முழிச்சு ஒருவழியா ஒப்பேத்தினோம்.

மூணு வார பேக்-அப்புக்கே நான் இவ்வளவு பில்டப் கொடுக்கிறேன். 40 வருஷத்துக்கு முந்தைய பேக்-அப்பில் இருந்து ஒரு குதிரையையே திரும்பக் கொண்டுவந்திருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?

அந்தக் குதிரையோட பேர் பிரெஷ்வால்ஸ்கி. நாக்கு சுளுக்குதா? 19-ம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவைச் சுத்தி வந்த ரஷ்யப் பயணி ஒருத்தரோட பேர் அது. மங்கோலியா மக்கள் ரொம்ப காலமாவே இதை 'தாகி'ன்னுதான் கூப்பிடறாங்க. நாமும் அப்படியே கூப்பிடுவோம். குட்டையான உடம்பு, மணல் நிறம், நெத்தியில் விழாம பிரஷ் மாதிரி நட்டுக்கிட்டு நிக்கிற பிடரிமுடி. ஜெல் போட்ட நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க மாதிரியே இருக்கும்!

காட்டுக் குதிரைன்னா ஹாலிவுட் படத்துல புழுதி பறக்க ஓடுற அமெரிக்க மஸ்டாங்தானே ஞாபகத்துக்கு வரும்? அங்கேதான் ட்விஸ்ட். குதிரைக் குடும்பம் ஆரம்பிச்சதே வட அமெரிக்காவுலதான். சுமார் 5.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நாய் சைஸ்ல, முன்னங்காலில் நாலு விரலும் பின்னங்காலில் மூணு விரலுமா திரிஞ்ச பிராணி அது. போகப்போக உயரம் கூடிச்சு, விரல்கள் குறைஞ்சு கடைசியில் ஒத்தைக் குளம்பு ஆச்சு. கடல் மட்டம் தாழ்ந்த காலங்களில் வெளியே தெரிஞ்ச நிலப்பாலம் வழியா ஆசியாவுக்கும் பரவிச்சு. ஆனா பிறந்த வீட்டிலேயே சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி பூண்டோடு அழிஞ்சுபோச்சு. அப்புறம் ஸ்பெயின்காரங்கதான் கப்பலில் குதிரைகளைத் திரும்பக் கொண்டுபோனாங்க. அதுங்க கட்டை அவுத்துக்கிட்டு ஓடினதோட வாரிசுதான் மஸ்டாங். அதாவது, வீட்டை விட்டு ஓடின கேஸ்!

தாகி அப்படி இல்லை. வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம், தாகிக்கு 66. இன்னிக்கு நாம ஏறி ஓட்டுற குதிரைகளோட வம்சத்துல இது இல்லை, வேற கிளை. 'இதோட முன்னோர்களையும் 5,500 வருஷத்துக்கு முன்னாடி கஜகஸ்தானில் மனுஷங்க வளர்த்திருக்காங்க'ன்னு 2018-ல் ஒரு டி.என்.ஏ. ஆய்வு சொல்லிச்சு. 'இல்லவே இல்லை, அங்கே வேட்டையாடித்தான் தின்னாங்க'ன்னு இன்னொரு கோஷ்டி மறுத்துச்சு. பஞ்சாயத்து இன்னும் முடியலை.

சரி, வில்லன் யாரு? வழக்கம்போல நாமதான். 1900-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளுக்கும் பணக்காரங்களுக்கும் தாகி மேல ஆசை வந்துச்சு. பெரிய குதிரைகளைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால குட்டிகளைக் குறிவெச்சாங்க, காப்பாத்த வந்த பெரியதுகளைச் சுட்டாங்க. 1901-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு 28 குட்டிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. வழியில் செத்தது தனிக்கணக்கு.

மங்கோலியாவில் மிச்சமிருந்ததை வேட்டையும், கடும் குளிரும், புல்லுக்குப் போட்டியா வந்த ஆடுமாடுகளும் பார்த்துக்கிட்டன. 1960-களின் கடைசியோட காட்டில் தாகி ஜீரோ. கொடுமை என்னன்னா, அன்னிக்குக் குட்டிகளைப் பிடிச்சு கூண்டில் போட்ட அதே வேலையாலதான் இனமே தப்பிச்சது. இன்னிக்கு உலகத்தில் இருக்கிற 2,000 சொச்சம் தாகிகளும் சுமார் ஒரு டஜன் குதிரைகளோட வாரிசுங்க.

ஒரு டஜனில் இருந்து ஒரு இனமேன்னா, சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் பண்ணிக்கிற பிரச்னை வரும். குட்டிகள் நோஞ்சானாகும். அதனால 1959-ல் இருந்து செக் நாட்டு பிராக் மிருகக்காட்சி சாலை, ஒவ்வொரு தாகிக்கும் அப்பா யாரு, அம்மா யாருன்னு சர்வதேசப் பதிவேடு வெச்சிருக்கு. நம்ம ஊர் ஜாதகக் கட்டு மாதிரிதான். ஒரே வித்தியாசம், அங்கே அத்தை பொண்ணு, மாமா பையனுக்கெல்லாம் நோ சான்ஸ்!

இனிமேதான் நம்ம பேக்-அப் கதை. அமெரிக்காவின் சான் டியகோவில் கர்ட் பெனிர்ஷ்கேன்னு ஒரு டாக்டர், 1970-களில் இருந்தே அரிய விலங்குகளோட செல்களை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்க ஆரம்பிச்சார். எதுக்குன்னு கேட்டா, 'பின்னாடி ஒருநாள் உதவும்'. அவ்ளோதான். 1980-ல் ஒரு ஆண் தாகியோட செல்லும் அந்த ஃப்ரீசருக்குள்ள போச்சு. குளோனிங் ஆடு டாலி பிறந்ததே 1996-ல்தான். அந்தத் தாகி 1998-ல் செத்துப்போச்சு.

பின்னாடி பதிவேட்டை அலசினப்போ, மத்த தாகிகளிடம் அரிதாகிப்போன மரபணுக்கள் அந்த செல்லில் இருக்குன்னு தெரிஞ்சது. 2020 ஆகஸ்ட் 6-ல், டெக்சாஸில், ஒரு வீட்டுக் குதிரையோட வயித்தில் இருந்து குளோன் குட்டி பிறந்துச்சு. வெச்ச பேர் 'கர்ட்'. டாக்டருக்கு மரியாதை! 2023-ல் அதே செல்லில் இருந்து ஒரு தம்பியும் வந்தாச்சு.

சுபம் போட்டுடலாமா? கொஞ்சம் பொறுங்க. நான் இந்தக் கதையில் விழுந்ததே அடுத்து வர்ற சீன்லதான்.

கர்ட்டை வளர்த்தது வீட்டுக் குதிரை அம்மா. உடம்பு பூரா தாகி, ஆனா தாகியா எப்படி நடந்துக்கணும்னு சொல்லித்தர ஆளே இல்லை. காதை எப்போ மடக்கணும், யாருக்கு வழிவிடணும், எப்போ முட்டி மோதணும்... இதெல்லாம் எந்த ஃப்ரீசரிலும் இல்லை. அதனால சான் டியகோவில் அவனுக்கு ஹோலின்னு ஒரு பெண் தாகியைத் துணையா விட்டாங்க. ஹோலி தாகி கூட்டத்திலேயே வளர்ந்தவ. முறைச்சு, விரட்டி, ஒதுக்கி, பக்கத்துல நின்னு அவனுக்குக் கத்துக்கொடுத்தது அவதான்.

மங்கோலியாவிலும் இதே கதைதான். 1992-ல் ஹுஸ்தாய்க்கு முதல் 16 தாகிகள் வந்து இறங்கினப்போ, அப்படியே திறந்து விட்டுடலை. பெரிய வேலிக்குள்ள வெச்சு குளிரையும் புல்லையும் பழக்கினாங்க. வெளியே ஓநாய் இருக்கே! 2009-10 பனிக்காலத்தில் கோபி பகுதியில் விட்ட தாகிகளில் பாதிக்கும் மேல செத்துப்போச்சு. அப்பவும் வேலையை விடலை. 2024 ஜூனில் பிராக், பெர்லினில் இருந்து ஏழு தாகிகள் கஜகஸ்தான் புல்வெளிக்கும் பறந்திருக்கு.

இதைப் படிச்சதும் என் மினி புராஜெக்ட்தான் ஞாபகம் வந்துச்சு. பென் டிரைவில் கோடு இருந்தது. ஆனா அந்த வரியை ஏன் அப்படி எழுதினோம்னு டீம்மேட் சொன்னப்புறம்தான் புரோகிராமே ஓடிச்சு. எங்க வொர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான். லேத்தில் டூல் திணறுறதை சத்தத்தை வெச்சே சொல்லிடுவார் லேப் அண்ணா. அது எந்த ரெக்கார்டு நோட்டிலும் இல்லை. அவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறார்.

பேக்-அப் எடுங்க பாஸ், ரெண்டு இடத்துல எடுங்க. ஆனா லேப் அண்ணா ரிட்டயர் ஆகிறதுக்குள்ள அவர் பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. நான் இந்த வாரத்தில் இருந்து ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு தடவை திட்டு வாங்கியாச்சு. ஹோலிகிட்ட கர்ட் வாங்காததா?