பத்துத் தோட்டாவும் ஒரு தகடும்

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வார இதழுக்கும், போலீஸ்காரரின் துப்பாக்கியின் அடிவயிற்றில் துருத்திக்கொண்டிருக்கும் தகரப் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் பெயர் ஒன்றுதான்: மேகஸின். கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல் ஐரோப்பாவுக்குப் போய் இப்படி ஆனது. 1731-ல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர், பலதரப்பட்ட விஷயங்களைச் சேர்த்துவைக்கும் கிடங்கு என்ற பொருளில் தன் பத்திரிகைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். வெடிமருந்துக் கிடங்கை ராணுவம் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான் அழைத்துவந்தது. 1857 மே 11 அன்று டில்லியில் ஆங்கிலேயர்கள் தாங்களே தீவைத்துத் தகர்த்ததும் ஒரு மேகஸின்தான்.

கோட்டைக்குள் கட்டடமாக இருந்த கிடங்கு சிப்பாயின் துப்பாக்கிக்குள் குடிபுகுந்த கதையில் மெக்கானிக்குகள் செய்த பங்கு வியப்பானது. ஆனால் அவர்கள் வேலை முடிந்த பிறகும் தளபதிகள் நீண்ட காலம் தயங்கி நின்றார்கள். பெட்டியில் இருக்கும் தோட்டாக்களைச் சிப்பாயிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்பதுதான் அவர்களுடைய கவலை.

பழைய துப்பாக்கியில் தோட்டாவைச் சேமித்து வைக்க வழியே இல்லை. 1857 எழுச்சிக்குக் காரணங்களில் ஒன்றான காகிதத் தோட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் கிழித்து, மருந்தைக் குழல் வாயில் கொட்டி, குண்டை வைத்துக் கம்பியால் இடித்து, பின்பக்கம் ஒரு கேப்பைப் பொருத்தி... கை தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிய விஷயம். மருந்து, குண்டு, கேப் மூன்றையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடைத்த பிறகுதான் தோட்டா என்பது தள்ளக்கூடிய, உருட்டக்கூடிய, அடுக்கக்கூடிய ஒரு பொருளாயிற்று. அதன் பிறகே மேகஸின் சாத்தியமானது.

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1860-ல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில், தோளில் பதியும் மரக்கட்டைக்குள் ஒரு குழாய். அதில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தோட்டாக்கள். பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ள, அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தால் அடுத்த தோட்டா முன்னே வரும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தளவாடத் துறைத் தலைவர் ஜெனரல் ரிப்ளிக்கு இது பிடிக்கவில்லை. தோட்டா வீணாகும் என்பது இந்த வகைத் துப்பாக்கிகளை எதிர்த்தவர்களின் முதல் வாதம். 1863 ஆகஸ்டில் ஜனாதிபதி லிங்கன் தானே வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அடுத்த மாதமே ரிப்ளி பதவியிழந்தார்.

ஏழும் தீர்ந்த பிறகு? மறுபடி ஒவ்வொன்றாகப் போட வேண்டும். குதிரைப்படை அதிகாரியான எராஸ்டஸ் பிளேக்ஸ்லீ இதற்கு ஒரு வழி சொன்னார்: ஏழேழாக நிரப்பிய தகரக் குழாய்கள் அடங்கிய ஒரு பெட்டி. ஒரு குழாயை எடுத்துத் துப்பாக்கிக் கட்டையின் ஓட்டையில் கவிழ்த்தால் ஏழும் சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். பின்னாளில் பாதிரியாராகிவிட்ட இந்த மனிதரைத் துப்பாக்கி வரலாறுகள் ஓரிரு வரிகளில் தாண்டிவிடுகின்றன. மேகஸினில் எத்தனை தோட்டா என்பதைவிட, அதை எப்படி நிரப்புவது என்பதுதான் உண்மையான பிரச்னை என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் அவர் ஒருவர்.

அதே 1860-ல் வந்த ஹென்றி துப்பாக்கியில் குழாய், சுடும் குழலுக்கு அடியில் இருந்தது. பதினாறு தோட்டாக்கள்! ஆனால் அந்தக் குழாயின் நெடுகிலும் ஒரு திறந்த பிளவு. ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு சிறு காது அந்தப் பிளவு வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா குறையக் குறைய அது பின்னோக்கி நகர்ந்து, துப்பாக்கியைத் தாங்கும் கையில் வந்து முட்டும். கையை எடுத்து மாற்றிப் பிடிக்காவிட்டால் அடுத்த தோட்டா வராது. பிளவு வழியே மண்ணும் போகும். நிரப்ப வேண்டுமானால் காதை முன்நுனி வரை தள்ளி, குழாயின் முனையைத் திருப்பித் திறக்க வேண்டும்.

இதைச் சரிசெய்தவர் நெல்சன் கிங். 1866-ல் அவர் செய்தது மிகச் சின்ன வேலை. துப்பாக்கியின் வலது பக்கத்தில், ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு கதவு. கட்டைவிரலால் தோட்டாவை அழுத்தினால் கதவு உள்வாங்கும், தோட்டா குழாய்க்குள் போகும், கதவு தானே மூடிக்கொள்ளும். குழாயில் பிளவு தேவையில்லை. முழுக்க மூடி மேலே மரம் பொருத்திவிடலாம், கையும் சுடாது. இரண்டு தோட்டா சுட்டதும் இரண்டைப் போட்டு ஈடுகட்டிக்கொள்ளலாம். கம்பெனியின் முதலாளி, சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டர். புகழ் அவர் பெயருக்குப் போயிற்று. கதவு கிங்குடையது.

1877-ல் பிளெவ்னாவில் துருக்கியர் இந்த வின்செஸ்டர்களையும் வைத்துக்கொண்டு ரஷ்யப் படையை ஐந்து மாதம் திணறடித்தார்கள். ஐரோப்பிய ராணுவங்கள் விழித்துக்கொண்டன. ஜெர்மனி தன் பழைய மவுசர் துப்பாக்கியில் எட்டுத் தோட்டாக் குழாயைப் பொருத்தியது. பிரான்சின் 1886 லெபெல் துப்பாக்கியிலும் குழாய்தான்.

ஆனால் குழாயிலேயே ஒரு கோளாறு. அதில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு மழுங்கியிருக்கும்வரை சரி. தூரம் பாய வேண்டுமென்று குண்டைக் கூராக்கினால், ஒரு குலுக்கலில் குழாயே வெடிக்கலாம். கூர்மூக்கு அடுத்த கேப்பின்மேல் படாமல் தங்குவதற்காக, பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் கேப்பைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டினார்கள். ஓட்டைப் பானைக்கு ஒட்டுப்போட்ட கதைதான். பானையையே மாற்றியவர் வேறொருவர்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவயதில் கனடாவுக்குப் போனவர். தந்தை கடிகாரத் தொழிலாளி. மகனும் கடிகார வேலைதான் கற்றார். பிறகு அமெரிக்காவில் குடியேறினார். 1879 நவம்பர் 4 அன்று அவருக்குக் கிடைத்த காப்புரிமையில் உள்ள பொருளைப் பார்த்தால், இதற்கா இத்தனை காலம் என்று தோன்றும். மேலே திறந்த தகரப் பெட்டி. உள்ளே தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. அடியில் மடித்த எஃகுப் பட்டை ஸ்பிரிங் ஒரு மேடையை மேலே தள்ளுகிறது. பெட்டியின் வாயில் இருபுறமும் உள்நோக்கி வளைந்த உதடுகள், தோட்டா துள்ளி வெளியேறாமல் தடுக்கின்றன. துப்பாக்கியின் போல்ட் முன்னே போகும்போது மேல் தோட்டாவின் முதுகில் இடித்து அதைக் குழலுக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான். மூக்கு கேப்பைத் தொடுவதில்லை. எடை துப்பாக்கியின் நடுவிலேயே இருக்கிறது. வேண்டுமானால் பெட்டியைக் கழற்றலாம். இன்றும் உலகெங்கும் துப்பாக்கி மேகஸின்களில் பெரும்பாலானவை இந்த நான்கு உறுப்புகள்தான்.

பெட்டி கிடைத்துவிட்டது. நிரப்புவது? ஆஸ்திரியாவின் மான்லிகர், ஐந்து தோட்டாக்களை ஓர் எஃகுக் கவ்வியில் செருகி, கவ்வியோடு சேர்த்து அப்படியே மேகஸினுக்குள் இறக்கினார். 1886-ல் அவர் நாட்டு ராணுவம் அதை ஏற்றது. கடைசித் தோட்டா மேலே போனதும், காலிக் கவ்வி அடியில் உள்ள ஓட்டை வழியாகக் கீழே விழும். அழகான ஏற்பாடுதான். ஆனால் கவ்வி விழும் ஓட்டை வழியே சேறும் ஏறும். கவ்வி இல்லாத தோட்டாக்கள் கையில் இருந்தால் மேகஸின் உதவாது.

பால் மவுசரின் வழி இன்னும் சிக்கனமானது. ஒரு மெல்லிய பட்டையில் ஐந்து தோட்டாக்களின் அடிகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். பட்டையைத் துப்பாக்கியின் மேல் பள்ளத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஐந்தும் பெட்டிக்குள் போய்விடும், பட்டை வெளியே நின்றுவிடும். கிளிப் என்று நாம் சொல்வது இதைத்தான். 1893-ல் ஸ்பெயினுக்குச் செய்துகொடுத்த மாதிரியில் அவர் இன்னொன்றும் செய்தார். தோட்டாக்களை ஒரே நேர்வரிசையில் வைக்காமல், கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக அடுக்கினார். ஐந்து தோட்டாவின் உயரம் குறைந்து, மேகஸின் மரக்கட்டைக்குள்ளேயே மறைந்துவிட்டது.

பிரிட்டன் 1888 டிசம்பரில் லீயின் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது. லீ-மெட்ஃபோர்ட் என்று பெயர். முதலில் எட்டுத் தோட்டா; 1892-ல் இரட்டை வரிசையாக்கிப் பத்து. கூடவே ஒரு தகட்டையும் சேர்த்தார்கள். பெட்டியின் வாய்க்கு மேல் பக்கவாட்டில் நகரும் இரும்புத் தகடு. அதை உள்ளே தள்ளிவிட்டால் பெட்டி மூடிக்கொள்ளும். சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். எதிரி மேலே வந்து விழும் நேரத்தில், அதிகாரி உத்தரவிட்டால் மட்டும் தகட்டை இழுத்துத் திறக்கலாம். ஆக, பத்துத் தோட்டாவும் உள்ளே இருக்கும், ஆனால் சிப்பாய்க்கு இல்லை. பெட்டியை வைத்துக்கொள், சாவி என்னிடம் இருக்கட்டும் என்ற கணக்கு. லீ கழற்றக்கூடியதாகச் செய்திருந்த பெட்டியைச் சிப்பாய் தொலைத்துவிடுவான் என்று பயந்து, முதல் மாதிரியில் அதை ஒரு சங்கிலிக் கண்ணியால் துப்பாக்கியோடு கட்டியும் வைத்தார்கள்.

பிரிட்டிஷ் சிப்பாய்க்கே இந்த அவநம்பிக்கை என்றால் இந்தியச் சிப்பாயின் நிலை எப்படி இருந்திருக்கும்? 1857-க்குப் பிறகு இந்தியப் படைகளுக்கு எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கிய துப்பாக்கியே தரப்பட்டது. எழுச்சி அடங்கிய கையோடு, குண்டு நேராகப் போக உதவும் உள்வரிகள் இல்லாத குழலோடு என்ஃபீல்டுகளைச் செய்து கொடுத்தார்கள். வெள்ளையர்களுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியர்களுக்கு அவர்கள் கழித்த ஸ்னைடர். அவர்களுக்கு மேகஸின் வந்தபோது இவர்களுக்கு ஒற்றைத் தோட்டா மார்ட்டினி.

1897 செப்டம்பர் 12. வடமேற்கு எல்லையில் சமானா மலைமுகட்டில் சாராகடி என்ற சிறு சைகை நிலையம். 36-ஆவது சீக்கியப் படையின் 21 சிப்பாய்கள், தலைமை ஹவில்தார் இஷார் சிங். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஒரக்சாய், அஃப்ரிதி பழங்குடியினர். 2019-ல் வந்த இந்திப் படத்தால் பலருக்கும் இந்தக் கதை தெரியும். 21 பேரும் இறந்தார்கள். புகழுரை, குடும்பங்களுக்கு நிலம், உயர்ந்த விருதுகள் எல்லாம் கிடைத்தன. அவர்கள் கையில் இருந்தது மார்ட்டினி-ஹென்றி. ஒவ்வொரு முறை சுட்டதும் நெம்புகோலை இறக்கி, காலிக்கூட்டை வெளியேற்றி, புதிய தோட்டாவைக் கையால் வைக்க வேண்டிய துப்பாக்கி. பிரிட்டிஷ் ராணுவம் மேகஸினை ஏற்று அப்போது ஏறக்குறைய ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதே பருவத்தில் அதே மலைகளில் போரிட்ட வெள்ளைக்காரப் பட்டாளங்களிடம் லீ-மெட்ஃபோர்ட் இருந்தது. அது கையில் இருந்திருந்தால் சாராகடி பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. எதிரியின் எண்ணிக்கை அப்படி. ஆனால் வீரத்தைப் புகழ்ந்த கல்வெட்டுகளில் துப்பாக்கியின் வயதையும் ஒரு வரி சேர்த்துப் பொறித்திருக்கலாம்.

தகட்டின் மீதான நம்பிக்கையைக் குலைத்தவை இரண்டு போர்கள். 1898 ஜூலை 1 அன்று கியூபாவில் சாண்டியாகோ அருகே, கிளிப் போட்ட மவுசர்களுடன் பதுங்குகுழியில் இருந்த சில நூறு ஸ்பானியர்களை நோக்கிப் பல ஆயிரம் அமெரிக்கர்கள் மலையேறினார்கள். அமெரிக்கர்களின் கிராக் துப்பாக்கியில் பக்கக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டா போட வேண்டும். அதிலும் ஒரு தடுப்பு விசை உண்டு. மலை விழுந்தது. ஆனால் அமெரிக்கத் தரப்பில் சுமார் 200 பேர் இறந்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பதுங்குகுழி, புகையில்லா மருந்து என்று வேறு காரணங்களும் உண்டுதான். இருந்தாலும் அமெரிக்கா தன் அடுத்த துப்பாக்கியில் மவுசரின் வழியைப் பின்பற்றி, அதற்காக அவர் கம்பெனிக்கு இரண்டு லட்சம் டாலர் கட்டணமும் செலுத்தியது. அடுத்த வருடம் தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகளின் கிளிப் மவுசர்கள் பிரிட்டனுக்கு அதே பாடத்தை நடத்தின.

அதற்குப் பிறகு வந்த குட்டை லீ-என்ஃபீல்டில் கிளிப் போடப் பள்ளம் வைத்தார்கள். ஐந்தைந்தாக இரண்டு அழுத்தில் பத்துத் தோட்டா. இந்தியப் படைகளுக்கும் புதிய நூற்றாண்டு பிறந்த பிறகு மேகஸின் துப்பாக்கிகள் படிப்படியாக வந்தன. ஆனால் அதன் கடைசி மாதிரி அவர்கள் கைக்கு வந்தது 1914-ன் இலையுதிர் காலத்தில், பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிய பிறகுதான். கொண்டுவந்த பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குள் அவர்கள் பெல்ஜியம் எல்லையில் பதுங்குகுழிகளில் இருந்தார்கள்.

தகடு 1916-ல் ஒழிந்தது. அப்போதும் சிப்பாயின்மேல் நம்பிக்கை வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் துப்பாக்கி வேண்டியிருந்ததால், உற்பத்தியை எளிதாக்கத் தேவையற்ற உறுப்புகளை வெட்டினார்கள். வெட்டியவற்றில் அதுவும் ஒன்று.

கல்கத்தாவுக்கு அருகே இச்சாபூரில் இந்தத் துப்பாக்கி பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது. நம் ஊர்க் காவல் நிலையங்கள் அறிந்த த்ரீ நாட் த்ரீ அதுதான். 2020 குடியரசு தின அணிவகுப்பில் உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்தது. லீயின் பெட்டியிலும் ஒரு குறை கடைசிவரை நீடித்தது. த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் அடியில் துருத்தும் விளிம்பு உண்டு. நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் நகராது. அதைப் பார்த்து அடுக்குவதற்குச் சிப்பாயின் விரலைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது.